ஆஃப்டர்கூலரைப் பிரித்துப் பார்த்தபோது

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் விசைப்படகின் ஆஃப்டர்கூலரைக் கழற்றினேன். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் கடல்நீரால் குளிர்வித்து இயந்திரத்துக்குள் விடும் பாகம் அது. ஐந்து ஆண்டுகளாக யாரும் கை வைக்காதது. பாரம் ஏறினாலே இயந்திரம் கரும்புகை தள்ளியது. வெளிப்பார்வைக்கோ பெயிண்ட் பளபளத்தது.

உள்ளே இருக்கும் குழாய்க்கட்டு அலுமினியக் கூட்டோடு இறுகிக் கிடந்தது. சுத்தியலால் நேரே அடித்தால் முனைத் தகடு நசுங்கிவிடும். மரக்கட்டை வைத்து இரு பக்கமும் மாறி மாறித் தட்டியதில் அரை நாள் போயிற்று. வெளியே வந்ததும் வயிறு கலங்கியது. கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. குழாய்க்கட்டின் செப்பு-நிக்கலும் கூட்டின் அலுமினியமும் உப்பு நீரில் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். காற்று போகும் மெல்லிய உலோக இதழ்களை எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தது. புகைக்குக் காரணம் அதுவே. சலவைக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினேன்.

புது ஓ-ரிங் போட்டுப் பூட்டி, கடல்நீர் வாய்கள் இரண்டையும் அடைத்து, 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று ஏற்றித் தொட்டியில் அமிழ்த்தினேன். ஒரு முனையில் கடுகு கடுகாகக் குமிழிகள். பிரித்தால் ஓ-ரிங் ஓரத்தில் கிள்ளுப்பட்டிருந்தது. கிரீஸ் பூசாமல் திணித்த அவசரம்! இம்முறை ஓ-ரிங், கூட்டின் உட்சுவர் இரண்டிலும் கடல்நீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசினேன். இரண்டு மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையவில்லை.

இயந்திரத்தில் ஏற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்வது கட்டாயம். கசிந்தால் கடல்நீர் நேரே சிலிண்டருக்குள் போகும்.