விலங்கு நிறமிகளின் ஆன்டிஆக்சிடன்ட் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறால் ஓட்டிலுள்ள அஸ்டாக்சாந்தின், கணவாய் மையிலுள்ள மெலனின், பித்தத்திலுள்ள பிலிருபின் மூன்றுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் குணம் உண்டு. அளக்கும்போதுதான் சிக்கல். நிறமுள்ள பொருளை நிறமாற்றத்தை வைத்தே அளக்கிறோம் என்பது பலருக்கு மறந்துபோகிறது.

டிபிபிஹெச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். டிபிபிஹெச் என்பது எளிதில் சிதையாத ஒரு ஃப்ரீ ராடிக்கல். அதன் ஊதாக் கரைசல், ஆன்டிஆக்சிடன்ட் சேர்ந்தால் மஞ்சளாக வெளிறும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். அஸ்டாக்சாந்தின் அதிகம் உறிஞ்சுவது 475-ஐ ஒட்டித்தான். ஆனாலும் 517-இலும் ஓரளவு உறிஞ்சும். ஊதா போன பிறகும் குழாயில் ஆரஞ்சு நிற்கும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் மிச்சமிருக்கும் டிபிபிஹெச் என்றே கணக்கிடும். நல்ல சாறு மட்டமாகத் தெரிவது இப்படித்தான். டிபிபிஹெச் இல்லாமல் சாறும் கரைப்பானும் மட்டும் கொண்ட ஒப்பீட்டுக் குழாய் (ப்ளாங்க்) ஒன்றை ஒவ்வொரு செறிவுக்கும் தனியாக வைத்துக் கழித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாச் செறிவுக்கும் ஒரே ப்ளாங்க் என்பது சோம்பேறித்தனம்.

மெலனின் வேறு மாதிரி ஏமாற்றும். பெரும்பாலான கரைப்பான்களில் கரையாமல், துகளாக மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். சரி, மையவிலக்கில் சுற்றித் துகளை நீக்கிவிட்டு அளக்கலாமே என்றால், டிபிபிஹெச்சும் துகளில் ஒட்டிக்கொண்டு கூடவே போயிருக்கலாம். அந்தக் குறைவும் மெலனினின் திறன் கணக்கில் ஏறிவிடும்.

சில நேரம் பிரித்தெடுக்கும்போதே காரியம் கெட்டுவிடுகிறது. இறால் ஓட்டில் அஸ்டாக்சாந்தின் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களோடு பிணைந்து எஸ்டராக இருக்கும். அதை விடுவிக்க வலுவான காரம் சேர்த்துக் காற்றுப்பட விட்டால் ஆக்சிஜனேற்றமடைந்து அஸ்டாசீன் என்ற வேறு நிறமியாக மாறிவிடும். நிறம் சிவப்பாகவே இருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. கொலஸ்டிரால் எஸ்டரேஸ் நொதி மென்மையான வழி. காரம்தான் என்றால் குளிரில், இருட்டில், நைட்ரஜன் சூழலில் செய்யுங்கள்.

அப்புறம், நிறமி என்றாலே காவல் என்று எண்ண வேண்டாம். தசைக்குச் சிவப்பு தரும் மயோகுளோபினில் ஹீம் என்ற பகுதியிலுள்ள இரும்பு கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும்; இறைச்சியில் சிக்கு வாடை வருவதில் அதற்குப் பங்குண்டு. ரத்தம் சரியாகக் கழுவப்படாத திசுச் சாற்றில் ஹீமோகுளோபினின் ஹீமும் கலந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே ஹீம் உடலில் சிதைந்துதான் பிலிருபின் வருகிறது.

சோதனைக் குழாய் எண்ணைக் காட்டி மாத்திரை விற்பவர்களுக்குப் பின்லாந்து ஆய்வை நினைவூட்டலாம். 1994-இல் வெளியானது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் கலந்துகொண்டார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அதுவும் அஸ்டாக்சாந்தினைப் போல ஒரு கரோட்டினாய்டுதான்.