ஆம்னி வேனில் பெட்ரோல் வாடை: கசிவு எங்கே என்று பிடிப்பது எப்படி?

எம்பிஎஃப்ஐ ஆம்னியில் (கார்பரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பதால் சின்னக் கசிவும் உடனே மூக்கில் ஏறும். அதற்காக எடுத்ததும் ஹோஸைக் கழற்றாதீர்கள். வாடை எப்போது வருகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டேங்க் நிரப்பியதும் வாடை அடித்து, பாதி காலியானதும் நின்றுவிட்டால் கோளாறு டேங்க்கின் மேல்பக்கம்: பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் ஹோஸ், காற்று போகும் பிரீதர் ஹோஸ், பம்ப் மூடியின் கேஸ்கெட். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து, சூடானதும் மறைந்தால் இன்ஜெக்டர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ஹோஸ் கிளிப் பக்கம் பாருங்கள். இறுகிப்போன ரப்பர் குளிரில் சுருங்கும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும்.

சோதனையை இன்ஜின் ஆறியபின், திறந்தவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் மட்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். நாலைந்து முறை ஆன்-ஆஃப் செய்தால் லைனில் பிரஷர் ஏறிவிடும். இனி டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பாருங்கள். ஓடிச் சூடான இன்ஜினில் தேடினால் பெட்ரோல் சொட்டும் முன்பே ஆவியாகிவிடும், பழுப்புக் கறைதான் மிஞ்சும்.

வெளியே ஈரமே இல்லையா? பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து வரும் சிறிய வேக்கம் ஹோஸை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது; கரும்புகையும் மைலேஜ் குறைவும் இருந்தால் அவையும் இதனால்தான். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் எடுத்து முகருங்கள். ஆயில் அளவு கூடி பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ இன்ஜினுக்குள் ஒழுக்குகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டவே கூடாது.

கழற்றும்முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அப்போதும் லைனில் கொஞ்சம் மிச்சமிருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டே ஹோஸை உருவுங்கள்.

கடையில் 'பெட்ரோல் டியூப்' என்று மட்டும் கேட்டால் கார்பரேட்டர் ஹோஸைத்தான் எடுத்துத் தருவார்கள். இன்ஜெக்ஷன் பிரஷரை அது வெகுநாள் தாங்காது. ஹோஸின் மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9, இன்ஜெக்ஷன் ஹோஸுக்கான தரக்குறி) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெடும் என்பதால், ஒரு துண்டு வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பட்டையில் வெட்டுப் பற்கள் உள்ள கிளிப் ஹோஸை அறுக்கும்; வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளிப்பே போடுங்கள். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிப் பொருத்தாவிட்டால் மடங்கிக் கிழியும். எல்லாம் மாட்டியதும் அதே டிஷ்யூ சோதனை, மறுநாள் காலை குளிரில் இன்னொரு முறை.