ஹேண்டில்பாருக்குள் பிரேக் ஒயர்: எங்கே துளைக்கலாம், எங்கே கூடாது

ஹேண்டிலுக்கு வெளியே வளைந்து தொங்கும் பிரேக் ஒயரைக் குழாய்க்குள் மறைக்க நினைப்பவர்கள் டிரில்லுக்கு முன்பு ஒரு காந்தத்தை எடுங்கள். பாரில் ஒட்டினால் இரும்பு, வேலையைத் தொடங்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது கார்பன். இரண்டிலும் துளை போடக்கூடாது. கார்பனில் இழை அறுந்தாலே பார் வீண். அலுமினியம் உடனே எதையும் காட்டாது. மேடு பள்ளத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் ஏறி இறங்கி, துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, ஒருநாள் சொல்லாமல் முறியும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அலுமினிய பார்தான் வேண்டுமென்றால் கம்பெனியிலேயே துளையோடு வருவதை வாங்குங்கள். ரேஸ் சைக்கிளின் கீழ்நோக்கி வளைந்த டிராப் பாரில் ஒயரை, பாரைச் சுற்றும் டேப்புக்கு அடியிலேயே ஓட்டிவிடலாம், துளையே தேவையில்லை. கம்பி பிரேக் உள்ள பழைய பெரிய சைக்கிளுக்கும் இதில் வேலை இல்லை.

அடுத்து அளவு. பிரேக் லீவரில் ஒயர் வெளியே வரும் அட்ஜஸ்டர் முனையிலிருந்து, ஸ்டெம் (பாரை சைக்கிளோடு பிணைக்கும் கட்டை) பாரைப் பிடிக்கும் ஓரம் வரை குழாயின் வளைவோடு அளவு டேப்பை ஓட்டி அளந்து பாருங்கள். இரண்டு துளைகளின் நீளத்தையும் சேர்த்து 22 செ.மீ.யாவது இருக்க வேண்டும். லீவரை விட்டு 4 செ.மீ. தள்ளித்தான் ஒயர் நுழையலாம், ஸ்டெம்முக்கு 5 செ.மீ. முன்பே வெளியே வந்துவிட வேண்டும். மிச்சத்தில் 10 செ.மீ.யாவது உள்ளே ஓடாவிட்டால் இவ்வளவு பாடும் எதற்கு? நேர் பாரில் இந்த இடம் பெரும்பாலும் கிடைக்காது. கைப்பிடி பின்னோக்கி நம் பக்கம் நீளும் வளைந்த ஹேண்டிலில் தாராளமாகக் கிடைக்கும்.

ஸ்டெம்முக்குப் பக்கத்தில் ஏன் கூடாது என்றால், கையின் எடை முழுவதும் பாரை வளைக்கப் பார்க்கும் இடம் அதுதான். வெல்டிங் உள்ள இடத்துக்கும் இதே விதி. குழாய் வளையும் இடத்தில், வளைக்கும்போதே வெளிப்பக்கத் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். நேராக ஓடும் பகுதியில் மட்டும் குறியிடுங்கள். கையால் அழுத்தும்போது குழாயின் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும் என்பதால் நுழையும் துளை அடிப்பக்கத்திலும், வெளியேறும் துளை முன்பக்கம் பார்த்த அடிப்பக்கத்திலும் இருக்கட்டும். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது.

பிரேக் அவுட்டரின் (இழுபடும் இன்னர் ஒயரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை) தடிமன் 5 மி.மீ. அது சாய்வாக நுழைவதால் வட்டத் துளை போதாது; 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளத்தில் நீள்துளை வேண்டும். நீளம் பாரின் நீளவாக்கில் போக வேண்டும், குறுக்கே அல்ல. இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளையின் விளிம்பில் அழுத்தம் ஏறக்குறைய 3 மடங்கு ஆகும். நீளவாக்கில் நீட்டினால் அது குறையும், குறுக்கே நீட்டினால் இன்னும் ஏறும். 22 மி.மீ. குழாயின் சுற்றளவு சுமார் 70 மி.மீ.; அதில் 6 மி.மீ. போவதை இரும்பு தாங்கும், 12 போனால் நம்ப முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு பிரேக் ஒயர், இரண்டு துளை. அதற்கு மேல் வேண்டாம். கியர் ஒயரை வெளியிலேயே விடுங்கள். கியர் ஒரு கிளிக்குக்குச் சில மி.மீ. மட்டும்தான் ஒயரை இழுக்கிறது. உள்ளே கொஞ்சம் உரசினாலும் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்க அடம்பிடிக்கும்.

பாரைக் கழற்றி, மரக்கட்டை வைத்து வைஸில் பிடியுங்கள். 6 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகளைச் சென்டர் பஞ்சால் அடியுங்கள். பஞ்ச் இல்லாமல் வைத்தால் குரோம் பூச்சில் பிட் வழுக்கிக் கோடு போட்டுவிடும். குழாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிவிட்டால் பிட் பாய்ந்து எதிர்ச்சுவரைக் கீறாது. முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ., மெதுவான வேகத்தில், இரண்டு சொட்டு எண்ணெயோடு. இரண்டு துளைக்கும் நடுவே 1 மி.மீ. பாலம் மிஞ்சும். அதைச் சின்ன உருண்டை அரத்தால் எடுத்து, 6க்கு 12 ஆக்குங்கள். நேரடியாக 6 மி.மீ. பிட்டால் இரண்டாவது துளையைப் போட்டால் அது முதல் துளைக்குள் சரிந்து, ஓரம் கோணலாகும். கையில் டிரில் நிற்காது என்று தோன்றினால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஓசூர் சிப்காட் பக்கம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டாண்டு டிரில்லில் நாலு துளை அவர்களுக்குச் சின்ன வேலை.

இனி வருவதுதான் பலர் அவசரப்படும் இடம். துளையின் ஓரத்தை உள்ளும் புறமும் அரத்தால் உருட்டி, 240 எமரி, பிறகு 400 எமரி. விரலை வைத்து ஓட்டினால் எங்கும் பிசிறு தட்டக்கூடாது. அந்தப் பிசிறுதான் அவுட்டரின் பிளாஸ்டிக்கை அறுக்கும், விரிசலும் அங்கிருந்தே கிளம்பும். இரும்புத் தூளைத் தட்டிக் கொட்டி, துணியை உள்ளே இழுத்துத் துடையுங்கள். குரோம் போன விளிம்பு முதல் மழையிலேயே துருப்பிடிக்கும். ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் தடவி ஒரு நாள் காயவிடுங்கள்.

கோர்க்கும்போது அவுட்டரை நேரடியாகத் தள்ளாதீர்கள். பழைய இன்னர் ஒயரின் நுனியை லேசாக வளைத்து, நுழையும் துளையில் விட்டு, மறுதுளையில் சின்னக் கொக்கியால் வெளியே இழுங்கள். அதன்மேல் புது அவுட்டரை ஏற்றித் தள்ளினால் வழி தவறாது. முனைக் குப்பிகளை இழுத்த பிறகு மாட்டுங்கள். பழையதைவிட 10 செ.மீ. கூடுதலாக வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து வெட்டுங்கள். வெட்டும்போது உள்ளே இன்னர் துண்டு இருந்தால் வாய் நசுங்காது. பிறகு அரத்தால் தட்டையாக்கி, ஊசியால் உள்குழாயைத் திறந்துவிடுங்கள். கையில் கியர் அவுட்டர் மிச்சமிருக்கிறது என்று அதைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் கம்பிகள் நீளவாக்கில் இருப்பதால் பிரேக் இழுப்பில் வெடித்துப் பிரியும்.

மாட்டியபின் லீவர் திரும்ப மந்தமாக வந்தால் நுழையும் இடத்து வளைவு அதிகம். ஒயரின் நீளத்தைவிட அது மொத்தம் எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் உரசலைப் பெருக்கும். துளையை நீட்டாமல், லீவரைக் கொஞ்சம் வெளியே நகர்த்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் அவுட்டர் எங்கோ மடங்கிச் சுருள் பிரிந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். உள்ளே கடகடத்தால் அவுட்டரில் இரண்டு இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்சைச் சுற்றுங்கள்.

லீவரை முழு பலத்தோடு இருபது முறை பிடித்து விட்டு, தளர்ந்த ஒயரை மறுபடி இறுக்குங்கள். பிறகு நின்றபடி கைப்பிடியில் உடல் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். முதல் வாரம் சமதரையில்தான்; தொப்பூர் இறக்கம் அப்புறம். மாதம் ஒருமுறை துளையைத் துடைத்து, அதன் நீள ஓரங்களையும் முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கிறீச் சத்தம், பெயின்டில் மெல்லிய கோடு, அல்லது ஹேண்டில் தரையில் மோதிய விழுகை, இவற்றில் எது நடந்தாலும் பாரை மாற்றிவிடுங்கள். வெல்டு வைத்து ஓட்டாதீர்கள்.