கேம் அட்டையில் இருக்கும் வயது எண்ணை எப்படிப் படிப்பது

பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்கப் போகிறோம், அட்டையில் 12 என்று போட்டிருக்கிறது, பிள்ளைக்கும் 12 முடிந்துவிட்டது, அப்புறம் என்ன யோசனை என்று வாங்கிவிடுகிறோம். அந்த 12ஐப் போட்டது எந்த நாட்டு ரேட்டிங் வாரியம் என்று முதலில் பாருங்கள். ஒரே கேமுக்கு ஓரிடத்தில் 10, இன்னோரிடத்தில் 18 என்று வந்த கதையெல்லாம் உண்டு.

பலாட்ரோ என்ற கேம் அப்படித்தான். போக்கர் சீட்டுகளை வைத்து ஆடுவது, ஆனால் பணம் கட்டி ஆடும் வேலையே கிடையாது. அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 10 வயது ஆகியிருந்தால் போதும் என்றது. ஐரோப்பாவின் பெகி இதில் சூதாட்ட வாடை அடிக்கிறது என்று 18 போட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025ல்தான் 12க்கு இறங்கி வந்தது. அதே பெகி, உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்றே தெரியாத பொதிகளைக் காசுக்கு விற்கும் எஃப்சி 24 கால்பந்து கேமுக்கு 3 போட்டிருந்தது. எனக்கு இன்னும் இது விளங்கவில்லை.

ஒவ்வொரு வாரியத்துக்கும் ஒவ்வொரு பயம். ஜப்பானின் செரோ ஏ, பி, சி, டி, இசட் என்று எழுத்து போடும் (இசட் என்றால் 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது), உடலைத் துண்டாக்கும் காட்சி என்றால் அங்கே ரொம்பக் கறார். 2022ல் தி கலிஸ்டோ புரோட்டோகால் மற்ற நாடுகளில் பெரியவர்களுக்கான ரேட்டிங்கோடு வெளிவந்தது, ஜப்பானில் வெளிவரவே இல்லை. ஜெர்மனியில் 2018 வரை கேமுக்குள் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னம் தலைகாட்டக்கூடாது. ஆஸ்திரேலியாவுக்குப் போதைப்பொருள்: 2008ல் ஃபால்அவுட் 3க்கு முதலில் அனுமதி மறுத்தார்கள், மார்ஃபின் என்ற நிஜப் போதைமருந்தின் பெயரை மெட்-எக்ஸ் என்று மாற்றிய பிறகுதான் விட்டார்கள்.

அதனால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்திலோ அட்டையின் பின்னாலோ இருக்கும் காரணங்களைப் படியுங்கள். வன்முறை, கெட்ட வார்த்தை, பயம், சூதாட்டம், கேமுக்குள் பணம் கட்டுவது என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உங்கள் பிள்ளை ரத்தத்தைப் பார்த்துக் கலங்காது, இருட்டில் பேய் வந்தால் மூன்று நாள் தூங்காது என்றால் உங்களுக்கு முக்கியம் எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், ஒரே கேமுக்கு இஎஸ்ஆர்பி, பெகி இரண்டின் தளத்திலும் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. இரண்டும் ஒத்துப்போனால் சரி. பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேதான் ஏதோ இருக்கிறது, அதைத் தோண்டுங்கள்.

இன்னொன்று, அந்த எண் விளையாடத் தெரிவதற்கான வயது இல்லை. 3 போட்ட சதுரங்க கேமை மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் காயைக் கடித்துக்கூடப் பார்க்க முடியாது, திரையில் அல்லவா இருக்கிறது.

மொபைல் கேம் என்றால் பெரும்பாலும் உருவாக்கியவரே ஐஏஆர்சி என்ற சர்வதேச ரேட்டிங் கூட்டணியின் கேள்விப் பட்டியலை நிரப்புவார், அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ரேட்டிங் தானாக வந்துவிடும். அதனால் அங்கே கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். ஆன்லைனில் முகம் தெரியாதவர்கள் மைக்கில் திட்டுவது பெரும்பாலும் ரேட்டிங்கில் சேராது, அமைப்புகளில் போய் வாய்ஸ் சாட்டை நீங்களே அணைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், யாராவது அந்த கேமை ஆடும் வீடியோவை நடுவிலிருந்து இருபது நிமிடம் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டாம், முதல் அரை மணி நேரம் எல்லா கேமும் சாதுவாகத்தான் இருக்கும்.