ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பது எப்படி

“பக்கத்து வீட்டு அக்கா கோயமுத்தூர்ல ஸ்லீவ் பண்ணி நல்லா இளைச்சுட்டாங்க, எனக்கும் அதே போதுமுங்க” என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு டாக்டரிடம் போகாதீர்கள். அந்த அக்காவின் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. எந்த ஆபரேஷன் என்பதை உங்கள் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) ரிப்போர்ட்டும், சுகர் அளவும், தினமும் போடும் மாத்திரையும்தான் சொல்ல வேண்டும்.

படி 1: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் எண்) போடுங்கள்

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 165 செ.மீ. உயரம், 98 கிலோ என்றால் 36 வரும். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். இன்சூரன்ஸ் கணக்கு வேறு: பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுப்படாத சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்று இருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 2: உள்ளே என்ன செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்து போவதால் பசி அடங்கும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால், ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அது மோசமாகலாம்; இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம்.

பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் பை மட்டும் உணவுக்கு விடப்படும். இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி அளவு. அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. அமிலமும் பித்தமும் மேலே ஏற வழி குறைவதால் நெஞ்செரிச்சல் தணியும்.

மினி பைபாஸில் பை நீளமாக இருக்கும், குடலோடு ஒரே ஒரு இணைப்புதான். சிறுகுடலில் 150 முதல் 200 செ.மீ. வரை தாண்டி இணைப்பதால் எடை நன்றாக இறங்கும். அதே காரணத்தால் புரதமும் இரும்பும் குறையும். சிலருக்குப் பித்தம் மேலேறும்.

வயிற்றில் வைக்கும் பலூன் ஆபரேஷன் அல்ல. வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள்.

படி 3: எண்டோஸ்கோபி பார்க்காமல் தேதி வாங்காதீர்கள்

உணவுக்குழாயில் புண்ணோ, பெரிய ஹெர்னியாவோ (இரைப்பை மேலேறி நெஞ்சுக்குள் தள்ளியிருப்பது) தெரிந்தால் பெரும்பாலும் பைபாஸ்தான் சரி. வயிற்றுப்புண் உண்டாக்கும் எச்.பைலோரி கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏனென்றால் பைபாஸுக்குப் பிறகு உள்ளே விட்ட இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் எட்ட முடியாது.

படி 4: சுகரைப் பாருங்கள்

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), சி-பெப்டைடு (கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். நெடுநாள் சுகர், இன்சுலின் வேறு என்றால் ஸ்லீவைவிட பைபாஸ் வகைகள் கூடுதல் பலன் தரும். சி-பெப்டைடு மிகவும் குறைந்திருந்தால் கணையத்தில் இன்சுலின் சுரப்பே வற்றிவிட்டது என்று பொருள்; எந்த ஆபரேஷனும் மாத்திரையை முழுதாக நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம்.

படி 5: மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை. பைபாஸ் செய்த வயிற்றில் இது இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும்; புண் ஆழமானால் ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். பீடி, சிகரெட்டும் அப்படியே. வலி மாத்திரையை விடவே முடியாது என்றால் ஸ்லீவ் பக்கம் தராசு சாயும். புகையை எந்த ஆபரேஷனுக்கும் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

படி 6: அடுத்த இருபது வருஷத்தை யோசியுங்கள்

எதைச் செய்தாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க உண்டு. முதல் வருஷம் 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பிறகு வருஷம் ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை வேண்டும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி வர முடியுமா என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். வர முடியாதவருக்கு மினி பைபாஸ் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும்.

தினமும் 60 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அரிசிம்பருப்புச் சோற்றில் அரிசி பாதி வயிற்றை அடைத்துவிடும். முட்டை, கொள்ளுப் பருப்பு, மீன், தயிர் இவற்றை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுங்கள். பைபாஸ் செய்தவர் ஒப்பிட்டு (போளி), கரும்புச்சாறு என்று இனிப்பை எடுத்தால் சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, பேதி வரும்.

படி 7: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

“எனக்கு இந்த வகை ஏன், மற்றது ஏன் வேண்டாம்?” பதில் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டி வர வேண்டும். “தையலில் கசிவு வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது?” காய்ச்சல், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, தோள்பட்டை வலி ஆகியவை கசிவின் அடையாளம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டாலும் உடனே போங்கள். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சத்து வற்றிய உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை நரம்பு பாதிக்கப்படும்.