சைனஸ் சிடி ஸ்கேனில் தெரிவது நோயா, ஆர்ட்டிஃபாக்டா? கண்டுபிடிக்கும் வழி

சைனஸ் சிடி படம் பார்க்கக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் நோயைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால், ஆர்ட்டிஃபாக்டைத்தான் முதலில் தேட வேண்டும். உடலில் இல்லாத ஒன்று படத்தில் மட்டும் தெரிந்தால் அதுதான் ஆர்ட்டிஃபாக்ட்.

1. போன் விண்டோவுக்கு (bone window: எலும்பு தெளிவாகத் தெரியும்படி படத்தின் கறுப்பு-வெள்ளை வரம்பை வைக்கும் அமைப்பு) மாற்றுங்கள். அகலம் 2000, மையம் 300 என்ற அளவில் தொடங்கலாம். குறுகிய விண்டோவில் லேசான கோடுகூடப் பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

2. ஆக்ஸியல் படத்தில் (தலையைக் குறுக்குவாட்டில் வெட்டியதுபோல் காட்டுவது) மேல்பற்கள் வரும் மட்டத்துக்குப் போங்கள். பல்லில் உலோக ஃபில்லிங்கோ, பல்லை மூடும் உலோக உறையோ இருந்தால், அங்கிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் விசிறி போல் கிளம்பும். எக்ஸ்ரேயின் பெரும்பகுதியை உலோகம் விழுங்கிவிடுவதால் எக்ஸ்ரேயைப் பதிவுசெய்யும் டிடெக்டருக்குப் போதிய தகவல் வருவதில்லை; படத்தை உருவாக்கும் கணினியின் கணக்கு தடுமாறுகிறது. ஒரு கோட்டைப் பிடித்து அதன் போக்கிலேயே போய்ப் பாருங்கள். கன்னத்தைத் தாண்டி, தோலைத் தாண்டி, வெளிக்காற்றிலும் அது நீளும். எந்த நோயும் அப்படி முகத்தை விட்டு வெளியே போகாது! கன்னத்துக்குள் இருக்கும் மேக்ஸிலரி சைனஸின் தரை இந்த மட்டத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே தெரியும் மங்கலைச் சளி என்று எழுதும் முன் கொரோனல் (முன்பக்கத்திலிருந்து பார்ப்பது போன்றது), சஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்றது) படங்களையும் பார்த்துவிடுங்கள்.

3. எலும்பின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறதா? ஸ்கேனின்போது தலை அசைந்திருக்கலாம். கொரோனல், சஜிட்டல் படங்களில் இதே அசைவு எலும்பு முறிவு போலப் படி விழுந்து தெரியும். அதே மட்டத்தில் தோலின் விளிம்பிலும் படி இருந்தால், அது முறிவு அல்ல, அசைவு.

4. அப்புறம் மெல்லிய எலும்புகள். கண்குழிக்கும் எத்மாய்டு சைனஸுக்கும் (இரு கண்களுக்கும் இடையே உள்ள சைனஸ்) நடுவே உள்ள சுவர் மிக மெல்லியது. 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸில் (ஸ்கேன் படத்தின் ஒரு வெட்டு) எலும்பும் பக்கத்துக் காற்றும் சேர்ந்து சராசரியாகி, சுவரில் ஓட்டை இருப்பதுபோல் காட்டும். 1 மி.மீ.க்கும் குறைவான ஸ்லைஸைத் திறந்து பாருங்கள். அதிலும் ஓட்டை தெரிந்து, அதன் வழியே கண்குழிக் கொழுப்பு சைனஸ் பக்கம் பிதுங்கியிருந்தால், அது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வட்ட வட்டமாக வளையங்கள் தெரிந்தால் டிடெக்டர் கோளாறாக இருக்கலாம், ரேடியோகிராஃபரிடம் சொல்லிவிடுங்கள்.

5. உலோகக் கோடுகளைக் குறைக்கும் மென்பொருள் இருந்தால் பயன்படுத்தலாம், சரி. ஆனால் அது சில சமயம் மெல்லிய எலும்பையும் சேர்த்து அழித்துவிடும். புதுக் கோடுகளையும் போட்டுவிடும். அதனால் திருத்தாத படத்தையும் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.