ஆயில் மூடிக்கு அடியில் மோர்க்குழம்பு

போன டிசம்பரில், ஊட்டிக் குளிரில், காரின் ஆயில் மூடியைக் கழற்றியதும் பகீரென்றது. உட்புறம் முழுக்க மோர்க்குழம்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்றார். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்துவிடலாம். அந்தச் செலவுக்கு முன் நானே கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். தெளிவான பழுப்பு ஆயில். பால் கலந்த சாயல் இல்லை, அளவும் ஏறவில்லை. கூலன்ட் டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தேன். 10 நாளாகியும் இறங்கவில்லை. ரேடியேட்டர் மூடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை (சூடாக இருக்கும்போது அதைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்).

கோளாறு என் ஓட்டத்தில்தான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 2 கிலோமீட்டர். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பக்கம் கசியும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சி எடுக்கும் வால்வு) வழியே போய்விடும். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால், சில்லென்ற மூடியில் படிந்து ஆயிலோடு குழைந்துவிடும்.

மூடியைத் துடைத்து, பிசிவி குழாயில் இருந்த பிசுக்கை எடுத்து, ஆயிலையும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் போய் வந்தேன். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. திரும்பி மலை ஏறும்போதுதான் நல்ல சூடு. அதன்பிறகு வாரம் ஒரு நீண்ட ஓட்டம். மார்ச்சில் திறந்தபோது மூடி சுத்தமாக இருந்தது. மார்க்கர் கோடும் கூலன்ட்டும் இன்னும் ஒரே மட்டத்தில்.